பேரலை மாற்றும் முன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாயின்ட் டூ டூ (.22) டார்கெட் பிஸ்டலின் பேரலை, அதாவது குண்டு வெளியேறும் குழலைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். போன வருடம் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 ஒன்று வாங்கினேன், ஏழு அங்குலப் பேரல். வாங்கிய புதிதில் 25 கெஜத்தில் மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டால் பத்துத் தோட்டாவும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழும். இப்போது சாத்துக்குடி அளவுக்குச் சிதறுகிறது, அதிலும் இரண்டு மூன்று தனியாக எங்கேயோ போகின்றன. பேரல் தேய்ந்துவிட்டது, புதுசு போடு என்கிறார்கள் ரேஞ்சில். போடலாமா? நானே மாற்ற முடியுமா?

பதில்: போடலாம். நீங்களே மாற்றவும் முடியும், அந்தத் துப்பாக்கியில் அது ஐந்து நிமிட வேலை. ஆனால் "பேரல் தேய்ந்துவிட்டது" என்பதை மட்டும் அவ்வளவு சுலபமாக நம்பாதீர்கள்.

பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள் தோட்டா 1887ல் வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் அதன் அடிப்படை ஒன்றுதான்: மெழுகோ கிரீஸோ பூசிய ஈயக் குண்டு, சுமார் 2.6 கிராம், கொஞ்சம் வெடிமருந்து, கேஸின் (உலோகக் கூட்டின்) விளிம்புக்குள் தீப்பற்றும் கலவை. அமெரிக்கத் தர அளவுப்படி இதன் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. கிட்டத்தட்ட அதே விட்டமுள்ள .223 ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. அது செம்பு போர்த்திய குண்டை இதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் தள்ளுகிறது. அந்த ரைஃபிள் பேரல் சில ஆயிரம் தோட்டாக்களில் தேயத் தொடங்கலாம், நியாயம்தான். மெதுவாகப் போகும் மெத்தென்ற ஈயக் குண்டு எஃகுக் குழலைத் தேய்க்க எத்தனை காலம் ஆகும், நீங்களே யோசித்துப் பாருங்கள். பல பத்தாயிரம் தோட்டாக்கள் சுட்ட பிறகும் நன்றாக ஓடும் பேரல்கள் எவ்வளவோ இருக்கின்றன. இவை தேய்ந்து சாவதைவிட, கையாளத் தெரியாமல் கெட்டுப்போவதுதான் அதிகம்.

எனக்கே ஒரு முறை இப்படி நடந்தது. மூன்று வருடம் ஒழுங்காகச் சுட்ட பிஸ்டல் ஒரு மாதத்தில் சிதற ஆரம்பித்தது. நானும் பேரல்தான் என்று முடிவுகட்டி, காசு சேர்த்து, புதுப் பேரல் வாங்கி மாட்டினேன். சிதறல் அப்படியே இருந்தது. அப்புறம் அலமாரியின் மூலையில் கிடந்த பழைய தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துச் சுட்டேன். அதே கம்பெனி, அதே நிறப் பெட்டி, லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண்) மட்டும் வேறு. பழைய பேரலையே திரும்ப மாட்டி அந்தத் தோட்டாவைச் சுட்டேன், ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. பேரலுக்குக் கொடுத்த பணத்தில் நல்ல லாட்டாகப் பார்த்து ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்திருக்கலாம்.

அதனால் முதலில் நான்கைந்து வகைத் தோட்டா, முடிந்தால் ஒவ்வொன்றிலும் ஒரே லாட்டில் இரண்டு பெட்டி வாங்குங்கள். மாடல் 41 சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) இறுக்கமானது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று எழுதியிருக்கும் நிதானமான தோட்டாதான் அதற்குப் பிடிக்கும், அதிவேகத் தோட்டாவைப் போட்டுப் பார்க்காதீர்கள். வகை மாற்றும்போது முதல் இருபது இருபத்தைந்தை மண் மேட்டில் சுட்டுத் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் புதுத் தோட்டாவின் மெழுகு குழலுக்குள் படிந்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். அதன் பிறகு மணல் மூட்டையில் தாங்கி, பத்துப் பத்தாக ஐந்து குரூப். ஒரே ஒரு குரூப்பைப் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், மூன்று தோட்டா குரூப்பை வைத்துச் செய்யவே செய்யாதீர்கள்.

எல்லாத் தோட்டாவும் சிதறினால் பிஸ்டலைப் பார்க்க வேண்டியதுதான். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பருக்குள் தோட்டா இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரல் நுனியாலும் தடவுங்கள். அப்புறம் டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிகர் கார்டைக் கீழே இழுங்கள், பேரல் தூக்கினால் கையோடு வந்துவிடும். மாடல் 41ல் குறிபார்க்கும் பின் சைட்டும் பேரலோடு சேர்ந்தே வரும், ஸ்லைடின் மேல் நீளும் பட்டையில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்த சைட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக அசைந்தாலும் உங்கள் சாத்துக்குடிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி முக்கியமான இடம், பேரலின் வாய். துடைக்காதீர்கள், அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சுட்ட பேரலின் வாயில் ஈயப்புகை ஒரு பூ மாதிரி படிந்திருக்கும், உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் எத்தனையோ அத்தனை இதழ். எல்லா இதழும் ஒரே நீளம், ஒரே அகலம் என்றால் வாய் நன்றாக இருக்கிறது. ஓர் இதழ் மட்டும் நீண்டோ சப்பையாகவோ இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது. இப்போது துடைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து விளிம்பைச் சுற்றி வாருங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் முன்னதாகக் காற்று பிய்த்துக்கொண்டு போனால் குண்டு தள்ளாடித்தான் கிளம்பும். பழைய பிஸ்டல்களில் இது பெரும்பாலும் வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்து வந்த காயம். உங்கள் பேரல் கழன்று வருவதால் எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே துடைக்கலாம், அந்த வசதி இருக்கும்போது அதை விடாதீர்கள். வாய் கெட்டிருந்தால் நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் அதை லேசாகச் செதுக்கிச் சரிசெய்துவிடுவார், புதுப் பேரல் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

அடுத்து சேம்பர். உள்ளே குண்டு உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் கரி ஒரு வளையமாக இறுகிப்போய் இருக்கும், வெறும் துணி போனால் வராது, கரைப்பான் ஊற்றி ஊறவைத்து வெண்கலப் பிரஷ் போட வேண்டும். ஈயம் படிந்திருந்தால் துணியில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாகச் செதில் செதிலாக வரும். பல "தேய்ந்த" பேரல்கள் இந்த ஒரு சாயங்காலத் துடைப்பில் பிழைத்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, உள்ளே வெளிச்சம் பாய்ச்சினால் துருப்பிடித்த குழியோ, வளையம் மாதிரி ஒரு வீக்கமோ தெரிகிறது என்றால் அந்தப் பேரலை விட்டுவிடுங்கள். வளைய வீக்கம் என்பது முன்பு யாரோ ஒருவர், ஒரு குண்டு உள்ளே சிக்கியிருக்க, அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டதன் அடையாளம். அதற்கு வைத்தியம் கிடையாது.

புதுப் பேரலைப் போட்ட பிறகு டிரிகர் கார்டு டப்பென்று மேலே ஏறி உட்கார வேண்டும். வாயைப் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பாருங்கள், துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. கம்பெனிப் பேரல்கள் பெரும்பாலும் அப்படியே உட்காரும், சில நேரம் உட்காராது. உட்காராவிட்டால் அரத்தை எடுக்காதீர்கள், கன்ஸ்மித்திடம் கொடுங்கள். அவரிடம் ஹெட்ஸ்பேஸ் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தோட்டாவின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், அந்த விளிம்பு உட்காரும் இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். குறைந்தால் ஸ்லைடு முழுதாக மூடாது. கூடினால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சரியாக அடிக்காமல் தோட்டா வெடிக்காது, இல்லையென்றால் விளிம்பு பிய்ந்து புகை முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் சுடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

முதல் நாள் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். பிறகு இரண்டு, பிறகு ஐந்து. வெளியே விழும் ஒவ்வொரு கேஸையும் பொறுக்கிப் பாருங்கள், அடிப்பக்கம் உப்பியிருந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் ரூகர் மார்க் டூ இருக்கிறது. நண்பனின் பிரவுனிங் பக் மார்க்கில் ஒரு திருகைக் கழற்றிப் பேரலை மாற்றிவிடுகிறான். என்னுடையதில் ஏன் முடியவில்லை? (நியூ ஜெர்சி)

பதில்: அமைப்பே வேறு. பக் மார்க்கில் பேரல் தனித் துண்டு, ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகத்தின்) முன்பக்கம் அடியிலிருந்து ஒரு திருகு அதை இழுத்துப் பிடிக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2016ல் கொண்டுவந்த விக்டரியும் இந்த வசதிக்காகவே செய்தது. ரூகரில் அப்படி இல்லை. 1949ல் வந்த முதல் ஸ்டாண்டர்ட் பிஸ்டலிலிருந்து, 1982ன் மார்க் டூ, 2016ன் மார்க் ஃபோர் வரைக்கும், பேரல் ஃபிரேமின் மேல் உட்காரும் உருளையான ரிசீவருக்குள் மரை போட்டு முறுக்கி ஏற்றப்பட்டிருக்கிறது. அதைக் கழற்ற வைஸும், அதற்கென்று செய்த பிடியும், திரும்ப ஏற்றும்போது முன் சைட் நேர் மேலே வந்து நிற்கும்படி கணக்கும் வேண்டும். வீட்டுப் பட்டறை வேலை இல்லை அது.

அதனால்தான் ரூகர்காரர்கள் பேரலும் ரிசீவரும் சேர்ந்த முழு மேல்பாகத்தையே மாற்றுகிறார்கள், வோல்குவார்ட்சன், டாக்டிகல் சொல்யூஷன்ஸ் மாதிரி கம்பெனிகள் அதை விற்கின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூகரில் சீரியல் எண் அந்த மேல்பாகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தின் பார்வையில் அந்த மேல்பாகம்தான் துப்பாக்கி, கீழே கைப்பிடி வெறும் உதிரி. ஆக நீங்கள் "பேரல்" என்று நினைத்து வாங்குவது சட்டப்படி இன்னொரு கைத்துப்பாக்கி, லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக, முழுப் பதிவோடுதான் வாங்க முடியும். உங்கள் மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்க மாநில பெர்மிட்டும் தேவை. டீலரிடம் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறேன், 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறேன். கிளப் பிஸ்டலின் பேரல் சரியில்லை என்று எங்கள் கோச் சொல்கிறார். மாமா ஜெர்மனியிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். அவர் பெட்டியில் ஒரு பேரலைக் கொண்டுவந்தால் நாங்களே மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: வேண்டாம் அம்மா. இதை மட்டும் செய்துவிடாதீர்கள், மாமாவிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டின் 1959 ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். பேரல் வெறும் இரும்புக் குழாய் இல்லை, சட்டப்படி அதுவே ஆயுதம். அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அதற்கான லைசென்ஸ் வேண்டும், 10ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இல்லாமல் விமான நிலையத்தில் பெட்டியில் கண்டுபிடித்தால் மாமா வீட்டுக்கு வர மாட்டார், உங்கள் விளையாட்டும் அத்தோடு போய்விடும். அதே மாதிரி ஆயுதத்தைப் பழுதுபார்ப்பதை ஒரு தொழிலாகச் செய்ய 5ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸ் வேண்டும், பேரலை வெட்டிக் குட்டையாக்குவதென்றால் 6ஆம் பிரிவின் கீழ் தனியாக. தெரிந்த லேத் பட்டறை அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், அவரிடமும் கொண்டுபோகாதீர்கள். நீங்களும் மாட்டுவீர்கள், அவரும் மாட்டுவார்.

வழி இருக்கிறது, மெதுவான வழி. பிஸ்டல் கிளப்பின் பெயரில் இருப்பதால் கிளப் செயலாளர்தான் எழுத வேண்டும். தேசிய அளவில் நல்ல புள்ளி எடுத்து, நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்கு இறக்குமதிக்கு என்று முறை உண்டு, லைசென்ஸ் உள்ள டீலர்கள் வழியாகவும் வரும். மாதக்கணக்கில் ஆகும் என்பது எனக்குத் தெரியும், போட்டி நெருங்கும் நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். அதுவரை, மேலே ஹூஸ்டன் வாசகருக்குச் சொன்ன லென்ஸையும் பஞ்சுக்குச்சியையும் உங்கள் கோச்சும் நீங்களும் சேர்ந்து முயன்று பாருங்கள். கிளப் பிஸ்டலைப் பத்துப் பேர் சுடுகிறார்கள், ஆனால் துடைக்கிற ஆள் ஒருவர்கூட இருப்பதில்லை. முதலில் அந்தக் கரி வளையத்தைப் பாருங்கள்.

கேள்வி: நீளமான பேரல் போட்டால் குறி இன்னும் துல்லியமாகும்தானே? (சிங்கப்பூர்)

பதில்: குழல் நீளத்தால் குண்டு துல்லியமாகிவிடாது. நீளம் கூடினால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் தூரம் கூடும், கையின் சின்னப் பிழைகள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், அதுதான் ஆதாயம். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) வைத்துச் சுடுபவருக்கு அதுவும் இல்லை. முன்பாரம் கூடுவது சிலருக்குப் பிடிக்கும், மணிக்கட்டு வலிமை இல்லாதவருக்கு நாற்பதாவது தோட்டாவில் கை இறங்க ஆரம்பித்துவிடும்.

சர்வதேச விதிகளின்படி போட்டியிட நினைத்தால் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் போட்டிகளில் பேரல் அதிகபட்சம் 153 மி.மீ., சைட் இடைவெளி அதிகபட்சம் 220 மி.மீ., மொத்த எடை அதிகபட்சம் 1,400 கிராம், டிரிகர் இழுக்கத் தேவையான எடை குறைந்தது 1,000 கிராம், பிஸ்டல் முழுவதும் 300க்கு 150க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். மாடல் 41ன் ஐந்தரை அங்குலப் பேரல் 140 மி.மீ., உள்ளே வரும். ஏழு அங்குலம் 178, பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் மட்டும் அதற்கு இடம் உண்டு. 2012 லண்டனில் நம் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் (வேகமாகச் சுடும் போட்டியில்) வெள்ளி வாங்கியதும் இந்த அளவுக்குள் அடங்கிய பிஸ்டலில்தான்.

கேள்வி: அப்பாவின் பழைய ரேபிட் ஃபயர் பிஸ்டல் ஒன்று பெட்டியில் இருக்கிறது, வால்தர் ஓஎஸ்பி. பேரலில் .22 ஷார்ட் என்று எழுதியிருக்கிறது. குண்டு ஒரே அளவுதானே, லாங் ரைஃபிள் தோட்டா போடலாமா? (ஜெர்மனி, டோர்ட்முண்ட்)

பதில்: போடவே கூடாது. குண்டின் விட்டம் ஒன்றுதான், கேஸின் நீளம் வேறு: ஷார்ட் 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் 15.6 மி.மீ. அந்த ஐந்து மில்லிமீட்டருக்கு அங்கே இடமே இல்லை. பேரலை மட்டும் மாற்றுவதும் போதாது, போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்), ஸ்பிரிங், மேகசின் எல்லாம் சின்னத் தோட்டாவுக்கென்று செய்தவை. 2005லிருந்து ரேபிட் ஃபயரை லாங் ரைஃபிளுக்கு மாற்றிவிட்டார்கள், அன்றைக்கே இந்த அழகான பிஸ்டல்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. ஷார்ட் தோட்டா இப்போதும் விற்கிறது. அப்பா சுட்ட மாதிரியே கிளப்பில் சுட்டுப் பாருங்கள், உதைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியே விட்டுவிடுங்கள் அதை. பிஸ்டல் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் தினமும் வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகர் இழுத்துப் பயிற்சி எடுக்கிறாள். பேரல் கெட்டுவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? (மதுரை)

பதில்: உண்மைதான் ஐயா, ஆனால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ரிம்ஃபயரில், அதாவது பாயின்ட் டூ டூ மாதிரி விளிம்பில் தீப்பற்றும் தோட்டாவில், ஃபயரிங் பின் நடுவில் அடிப்பதில்லை, விளிம்பில் அடிக்கிறது. உள்ளே தோட்டா இல்லாதபோது சில பிஸ்டல்களில் அந்தப் பின் நேராகப் போய் சேம்பரின் உதட்டைக் கொத்தும். ஆயிரம் முறை கொத்தினால் அங்கே ஒரு பள்ளமும், உள்பக்கம் ஒரு சின்ன மேடும் விழும். அந்த மேடு கேஸைக் கவ்விப் பிடிக்கும், சுட்ட கேஸ் வெளியே வராது, பள்ளத்தில் பின் அடித்தால் தோட்டா வெடிக்காது. எல்லோரும் பேரல் போச்சு என்பார்கள். போகவில்லை, உள்ளே பிதுங்கிய உலோகத்தை வெளிப்பக்கமாக அழுத்தித் தேய்த்துவிட இதற்கென்றே ஒரு கூம்புக் கருவி இருக்கிறது, வேலை தெரிந்த ஆர்மரர் (ஆயுதப் பராமரிப்பாளர்) கையில் கால் மணி நேர வேலை.

மகளின் பிஸ்டல் எது என்று நீங்கள் எழுதவில்லை. ரூகர் மார்க் வகை என்றால் பின் முன்னே போய்விடாமல் தடுக்க ஒரு குட்டி உலோகத் துண்டு போல்ட்டுக்குள் இருக்கும், அது இருக்கும்வரை தைரியமாக இழுக்கலாம். துடைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கும்போது பலர் அந்தத் துண்டைப் போட மறந்துவிடுவார்கள், சேம்பர் கொத்துப்படுவது அப்போதுதான். மற்ற பிஸ்டல்களுக்கு பிளாஸ்டிக் டம்மி தோட்டா வாங்கிக் கொடுங்கள், அல்லது சுட்ட காலிக் கேஸைப் போட்டு நாலு இழுப்புக்கு ஒரு முறை திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சி நடக்கும் அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது, தினமும் அதை நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை முகம் கழுவிய பிறகுதான் சாப்பாடு, ஈயத் தூசு வயிற்றுக்குள் போகக் கூடாது.